ரேடியேஷன் 11 நாள் ஆயிற்று, இப்போதுதான் எரிச்சலும் அசதியும், இது வழக்கம்தானா?

கேள்வி:
அம்மாவுக்கு இடது மார்பில் கட்டியை எடுத்து, கீமோவும் முடிந்து, இப்போது ரேடியேஷன். மொத்தம் 15 நாள், 11 முடிந்தது. போய்ப் படுத்துவிட்டு எழுந்து வருவதுதானே என்று முதல் வாரம் சிரித்துக்கொண்டிருந்தவர், இப்போது மார்புக்கு அடியில் மடிப்பில் கறுத்து எரிகிறது என்கிறார், மத்தியானம் ஆனால் சுருண்டு படுத்துவிடுகிறார். இன்னும் 4 நாள்தானே, அதோடு சரியாகிவிடுமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அவர் தூக்கலாமா? இடது பக்கம் என்பதால் இதயத்தை நினைத்தும் பயமாக இருக்கிறது.

பதில் 1:
எனக்கும் இதேதான். முடிந்த அன்றோடு அடங்கிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், கடைசி நாளுக்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாளில்தான் தோல் இன்னும் மோசமானது, அக்குளில் உரிந்து நீர் கசிந்தது, அப்புறம் மெல்ல ஆறியது. கம்பி வைத்த பிராவைத் தூக்கிப் போட்டுவிட்டு தளர்ந்த பருத்திச் சட்டைதான். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். அசதி போக சில வாரம் ஆகும், படுத்தே கிடந்தால் கூடத்தான் செய்யும், தினமும் கொஞ்சம் நடந்தது எனக்கு உதவியது. தலைமுடிக்கு ஒன்றும் ஆகாது, கதிர் படுகிற இடத்து முடிதான் கொட்டும்.

பதில் 2:
இந்த மெஷினை இயக்குவதுதான் என் வேலை. வெளியிலிருந்து கொடுக்கும் கதிர் உடம்பில் தங்காது, மெஷின் நின்றதும் தீர்ந்தது, குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். (உள்ளே கதிர்ப் பொருளை வைத்துச் செய்யும் முறை வேறு.) இடது பக்கம் என்றால் பல இடங்களில் மூச்சை நன்றாக இழுத்து அப்படியே நிறுத்தச் சொல்வார்கள்: நுரையீரல் விரிந்து இதயம் மார்புச் சுவரிலிருந்து விலகும், அதன்மேல் படும் அளவு குறையும். அம்மாவை அப்படிச் செய்யச் சொல்கிறார்களா? இல்லையென்றாலும் பதற வேண்டாம், சிலருக்கு அது இல்லாமலே இதயம் தள்ளியே இருக்கும். திட்டம் போட்ட டாக்டரிடமே கேளுங்கள்.

பதில் 3:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். முடிந்து சில மாதம் கழித்து வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் சளி என்று விடாதீர்கள், நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். அக்குளுக்கும் கதிர் கொடுத்திருந்தால் கை வீங்குகிறதா என்று கவனியுங்கள், அது வருடங்கள் கழித்தும் வரும். தோளை அசைக்கும் பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. மூச்சைப் பிடிக்கத்தான் சொல்கிறார்களாம், "அதெல்லாம் எதற்கு உனக்கு" என்று என்னிடம் சொல்லாமலே இருந்திருக்கிறார். மடிப்பைக் காட்டச் சொன்னேன், பவுடரை அப்பி மறைத்து வைத்திருக்கிறார்! நாளைக்கு நர்ஸிடம் நானே சொல்லப்போகிறேன்.