கொலோன் சாக்லேட் அருங்காட்சியகம்: அப்பாவை அழைத்துச் செல்ல யோசனை தேவை

வணக்கம். அடுத்த மாதம் அப்பா பொள்ளாச்சியிலிருந்து ஜெர்மனிக்கு எங்களிடம் வருகிறார். தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோகோ வளர்ப்பவர். காயை உடைத்து, விதைகளைப் புளிக்கவைத்து, உலர்த்தி விற்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். அது சாக்லேட்டாக மாறுவதை ஒரு நாளும் பார்த்ததில்லை. அதைக் கண்ணாரக் காட்டிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ரைன் நதிக்கரையில் 1993இல் திறக்கப்பட்ட கொலோன் சாக்லேட் அருங்காட்சியகத்துக்குத்தான் போக எண்ணியிருக்கிறேன். 3 மீட்டர் உயரச் சாக்லேட் ஊற்றைப் பார்க்கப் பிள்ளைகள் துடிக்கிறார்கள். அப்பா, கோகோ மரங்கள் நிற்கும் கண்ணாடிக்கூடத்தை விட்டு நகரமாட்டார் என்று நினைக்கிறேன்!

போய்வந்தவர்கள் சொல்லுங்கள். சுவைத்துப் பார்க்கும் பயிற்சி வகுப்பை ஆங்கிலத்தில் நடத்துகிறார்களா? எவ்வளவு நாள் முன்பு பதிவு செய்ய வேண்டும்? அப்பா மதுவைத் தொடாதவர். மது கலந்த சாக்லேட்டை முன்கூட்டியே சொல்லித் தவிர்க்க முடியுமா? விதையின் தரத்தை மணத்திலேயே கண்டுபிடிப்பவர் அவர், ஆகவே இந்த வகுப்பைத் தவறவிட எனக்கு மனமில்லை. மூட்டுவலி வேறு இருக்கிறது. பேராலயத்திலிருந்து நடத்திக் கூட்டிச் செல்லலாமா, டாக்சி எடுப்பது நல்லதா? கூட்டம் குறைவான நேரம் எது என்றும் தெரிந்தால் உதவியாக இருக்கும்.