கரண்ட் நேரமும் பக்டரி நேரமும் ஒத்துவராத நாள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கோ

குருநகர்ப் பெடியன்:
2022 கரண்ட் வெட்டு எல்லாருக்கும் தெரியும்தானே, மார்ச் 31க்கு 13 மணித்தியாலம் எண்டு அறிவிச்ச அந்தக் கிழமை. நான் ஒரு ஐஸ் பக்டரியில இரவு வேலை. விடிய 4 மணிக்கு ஐஸ்கட்டி எடுக்கோணும், மீன்பிடிப் போட்டுக்காரர் அந்த நேரத்துக்குத்தான் வருவினம், ஆனா எங்கட ஏரியாக் குறூப்புக்கு எப்ப வெட்டு எண்டு தெரியவரேக்க ஐஸ் உறையிற தகரக் கானுக்கெல்லாம் தண்ணி விட்டாச்சு. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை, கிடந்த கொஞ்சத்தில, கானுகள் நிக்கிற தொட்டியில குளிர் உப்புத்தண்ணியைச் சுத்துற மோட்டரை மட்டும் ஓட்டினன். விடிய கானைத் தூக்கித் தண்ணியில தோய்ச்சுக் கவிட்டால் கட்டி வழுக்கிவந்து நிலத்தில அடிபட்டுப் பிளந்துது. வெளியில நாலு விரல் தடிப்பில கண்ணாடி மாதிரி ஐஸ், உள்ளுக்கு வெறும் தண்ணி, என்ர காலிலதான் ஊத்துண்டது. முன்னால ஒரு அண்ணை பெட்டியோட நிக்கிறார். "தம்பி, இது எத்தினை மணிவரைக்கும் தாங்கும்?" எண்டு கேட்டார். எனக்கு வாய் வரேல்லை.

சுன்னாகம் அக்கா:
தம்பி உங்களுக்கு டீசல் இல்லை, எனக்கு வெயில் இருந்தும் உதவேல்லை. நாங்கள் ஐஸ்கிறீம் செய்யிறம், கூரையில சோலார் போட்டனாங்கள், அதால மிக்ஸ் காய்ச்சி ஆறவைக்கிற வேலையை முழுக்க முற்பகலுக்கு மாத்தினன். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போச்சே, அண்டைக்கு அடுத்த நாள் கலியாணத்துக்கு ஓடர். மேல தகரம் சுடுது, கீழ சோலார் கரண்டை மாத்தித் தாற இன்வேர்ட்டரில சிவப்பு லைற். நம்பேலாமல் நாலு தரம் நிப்பாட்டி நிப்பாட்டிப் போட்டுப் பாத்தன். சோலார் பூட்டின பெடியனுக்குப் போன் எடுத்தால், லைன் கரண்ட் நிண்டால் இதுவும் நிக்கும் அக்கா, லைனில வேலை செய்யிற ஆளுக்கு அடிக்கக் கூடாதெண்டு அப்பிடித்தான் செய்திருக்கு, தனிய ஓடோணுமெண்டால் பற்றரியும் அதுக்கேத்த இன்வேர்ட்டரும் வேணும் எண்டுறான். விக்கேக்க இதை ஏன் சொல்லேல்லை? மிக்ஸ் முழுக்கக் கொட்டினம். சின்னவள் வாளியைப் பிடிச்சுக்கொண்டு அழுதவள்.

மில் வயரிங்:
குருநகர்த் தம்பி, குறை நினைக்காதையும், குளிராக்கிற கொம்பிரசர் ஓடாமல் உப்புத்தண்ணியைச் சுத்தினது கன நேரத்துக்குச் சரிவராது. முதல்ல தொட்டியில கிடக்கிற குளிர் கட்டிக்குப் போகும், அது உண்மை, பிறகு மோட்டர்ச் சூடுதான் மிஞ்சும். பலகை மூடியளைத் திறக்காமல் விட்டு டீசலை மிச்சம் பிடிச்சிருக்கலாம். நான் ஒரு றைஸ் மில்லில, பெரிய மோட்டர் ரெண்டை ஒரேயடியா ஜெனரேற்றரில போட்டுப் பிறேக்கர் விழுந்து, நெல்லை மேல ஏத்துற எலிவேற்றருக்குள்ள நெல் இறுகி, கையால தோண்டி எடுத்தனான், அவ்வளவுதான் என்ர கதை. ஆனா ஒண்டு எல்லாருக்கும் சொல்லோணும், மோட்டர் எடுக்கேக்க ஒரு கணம் கூடக் கரண்ட் இழுக்குமே, அந்த இழுவையால பில் கூடுதெண்டு கனபேர் நினைக்கினம், இல்லை. இழுவை ஜெனரேற்றரைத்தான் விழுத்தும். பெரிய இணைப்புகளுக்கு கேவிஏ காசு, எண்டால் ஒரே நேரத்தில ஆகக்கூட இழுத்த அளவுக்குக் கட்டுற காசு, 15 நிமிசச் சராசரியில போகுது, மாதத்தில ஒருக்கா எல்லாத்தையும் சேத்து ஓட்டினாலும் அந்த மாதம் முழுக்க அதுக்குக் கட்டோணும். அதால கரண்ட் வந்தவுடன எல்லாத்தையும் போடாதையுங்கோ, தண்ணிப் பம்ப், பிறகு சுத்துற மோட்டர், பிறகு கொம்பிரசர், மற்ற வேலையளைத் தள்ளிவையுங்கோ. பின்னேரம் 6:30 துவக்கம் 10:30 வரைக்கும் விலை கூட, 10:30க்குப் பிறகு விடிய 5:30 வரைக்கும் குறைவு, ஐஸ் உறையிற வேலையில ஏலுமானதை அதுக்குள்ள தள்ளிவிடுங்கோ.

சுன்னாகம் அக்கா:
அண்ணை, 2022இல விலை குறைஞ்ச நேரம் எண்டு ஆர் பாத்தது? கரண்ட் இருந்த நேரம்தான் நேரம். பெடியன் செய்தது பிழை எண்டு இப்ப சொல்லுறது லேசு.

குருநகர்ப் பெடியன்:
அக்கா பரவாயில்லை, மோட்டர் விசயத்தில அண்ணை சொல்லுறது சரி, அண்டைக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை. இப்ப ஒவ்வொரு வரிசை மூடியிலயும் தண்ணி விட்ட நேரத்தைச் சோக்கால எழுதுறம், இடையில கரண்ட் நிண்டால் எத்தினை மணித்தியாலம் போச்சு எண்டு கீழ எழுதிக் கூட்டிப்போட்டுத்தான் கான் தூக்கிறது, பொழுதுபட முதலே போட்டுக்காரருக்குப் போனில சொல்லிப்போடுவம், நாளைக்கு 4 மணிக்கில்லை, 7 மணிக்கு வாங்கோ எண்டு. பெட்டியோட நிண்ட அந்த அண்ணையின்ர நம்பர் மட்டும் என்னட்டை இல்லை. அண்டைக்கு உடைஞ்ச துண்டைக் காசு குடுத்து ஏத்திக்கொண்டு போனவர்.