மாதுமை, மார்த்தா: எந்த மொழிப் பெயர்கள்?

உப்புவெளி வாசி:
எங்கள் பெண்பிள்ளை பிறந்து வருகிற கிழமை 31ஆம் நாள்; அன்று பெயர் வைக்க வேண்டும். திருக்கோணேச்சரத்து அம்பாளின் பெயரான மாதுமை என்பதையே வைக்க வேண்டும் என்று அம்மம்மா சொல்கிறார்; கிறிஸ்தவர்களான கணவர் வீட்டாரோ மார்த்தா என்பதை விரும்புகிறார்கள். முன்னையது தூய தமிழ், பின்னையது ஆங்கிலம் என்று பக்கத்து வீட்டு ஐயா தீர்ப்பும் சொல்லிவிட்டார். அது சரிதானா?

நிலாவெளி ஆசிரியை:
ஐயா இரண்டிலுமே பிழைவிட்டிருக்கிறார். மாது என்பதன் ஈற்று உகரம் குறுகி ஒலிக்கும் குற்றியலுகரம் ஆதலால், உமை வந்து சேரும்போது அது மறைந்து மாதுமை என்றாகிறது. புணர்ச்சி தமிழுடையது, ஆனால் உமை வடமொழி உமா. கேன உபநிடதத்திலேயே அப்பெயர் வருகிறது. தவம் செய்யப் புறப்பட்ட மகளைத் தாய் 'உ, மா', அதாவது 'அம்மா, வேண்டாம்' என்று தடுத்ததால் அப்பெயர் வந்ததாகக் காளிதாசர் குமாரசம்பவத்தில் சொல்வது அழகான கதை. சொல்லாராய்ச்சியாக அதனைக் கொள்ள முடியாது.

பாலையூற்று வாசகர்:
மார்த்தா, இயேசு காலத்தில் அவர் நாட்டில் பேசப்பட்ட அரமேய மொழிச் சொல். 'தலைவி', 'வீட்டுக்காரி' என்று பொருள். ஆண்டவரைக் குறிக்கும் 'மார்' என்பதன் பெண்பால் அது. கேரளத்துச் சிரியன் ஆயர்களின் பெயருக்கு முன்னால் நிற்கும் 'மார்' என்பதும் அதே வேர்தான். லூக்கா நற்செய்தியில் இயேசுவை வரவேற்றுப் பணிவிடையில் பரபரக்கும் மார்த்தாவுக்கு இப்பெயர் நன்றாகவே பொருந்துகிறது.

உப்புவெளி வாசி:
மிக்க நன்றி. பதிவில் மாதுமை மார்த்தா என்று இரண்டையும் எழுதுவதாக இருக்கிறோம். அம்மம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.