கொல்லிமலை ஜெஸ்ஸி பிராண்ட்: மகனை வைத்துத்தான் அவர் வாழ்க்கைக்கு மதிப்பா?

ஞாயிறுபள்ளி வாத்தியார்:
நேற்று வாலிபர் கூட்டத்தில் எனக்குக் கொடுத்த தலைப்பு, நம் வாழ்க்கை அடுத்தவரை எப்படித் தொடுகிறது என்பது. ஜெஸ்ஸி பிராண்டை எடுத்துக்கொண்டேன். கட்டட வேலை தெரிந்த இங்கிலாந்துக்காரர், கொல்லிமலைக்கு மிஷனரியாக வந்தார். மலைவாசிகளின் காலிலிருந்து நரம்புச்சிலந்திப் புழுவை இழுத்து எடுத்தார். கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் எழுப்பினால் அந்த நோயே வராது என்று சொல்லிக்கொடுத்தார். 1929-ல் மலேரியா முற்றிக் கருநீர்க் காய்ச்சலில் இறந்தபோது வயது 44தான்.

மகன் பால் பிராண்ட் 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு டாக்டராக வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். அவரோடு வேலை செய்த டாக்டர் மேரி வர்கீஸுக்கு 1954-ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம் என்று தைரியம் சொன்னவர் பால். மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடியே கத்தியைப் பிடித்தார், பிறகு மறுவாழ்வு மருத்துவத் துறையையும் நடத்தினார். கொல்லிமலையில் ஒரு மனுஷர் உண்மையாக வாழ்ந்ததன் பலன் எங்கே போய் நிற்கிறது, பாருங்கள்.

கேள்விக்குறி:
நல்ல பிரசங்கம் பிரதர், ஆனால் எனக்கு இதில் ஒரு உறுத்தல். பால் பிராண்ட் டாக்டருக்குப் படிக்கும் முன் சில வருடங்கள் கட்டட வேலை கற்றுக்கொண்டவர். கொத்தனாராகவே லண்டனில் இருந்திருந்தால் ஜெஸ்ஸியின் வாழ்க்கை வீணா? நாம் பெயர் பெற்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடக்கிறோம். வழியில் வருகிறவர்களுக்கெல்லாம் மாலை போடுகிறோம். அதே காய்ச்சலில் செத்து, பிள்ளைகளும் பெயர் எடுக்காமல் போன மிஷனரிகள் எத்தனை பேர்? அவர்கள் கல்லறையைக்கூட நாம் தேடிப் போவதில்லை. வலதுகை செய்கிறதை இடதுகை அறியவேண்டாம் என்று ஆண்டவர் சொல்லியிருக்க, நாம் கணக்குப் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

ஞாயிறுபள்ளி வாத்தியார்:
மத்தேயு சுவிசேஷம் 6-ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறீர்கள், சரி. அதற்கு முந்தின அதிகாரத்தில் உங்கள் வெளிச்சம் மனுஷர் முன்பாகப் பிரகாசிக்கட்டும் என்று சொன்னவரும் அதே ஆண்டவர்தான். தொழுநோயாளிகளின் புண்ணை அப்பா கட்டியதைப் பால் சின்ன வயதில் கண்ணால் பார்த்திருக்கிறார். அப்படி ஒரு பிள்ளை தற்செயலாகவா அதே நோயாளிகளிடம் திரும்பி வருவான்? இதைச் சொன்னால் வாலிபர்களுக்குத் தெம்பு வரும். இன்றைக்கு இருபது வயசுக்காரனுக்குத் தன் வாழ்க்கை ஒரு பொருட்டே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

காட்பாடி ரயில்:
ஒரு ஆள் விட்டுப்போச்சு. பால் வேலூருக்கு வந்த புதிதில் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் காக்ரேன் அவருக்கு நோயாளிகளைக் காட்டினார். இந்தக் கைகள் ஏன் இப்படி ஆகின்றன என்று பால் கேட்டாராம். எலும்பு மருத்துவர் நீங்கள், நீங்கள்தான் சொல்லவேண்டும் என்கிற மாதிரி காக்ரேன் பதில் சொன்னார். அப்புறம் பால் மடங்கிய கையோடு நின்ற ஒரு நோயாளியின் கைக்குள் தன் கையை வைத்து, அழுத்து என்றார். செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்திருக்க, வலிக்கிற அளவுக்கு ஒரு பிடி! தசை எல்லாம் போய்விடவில்லை, நல்ல தசையின் நாணை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற பகுதியை, மாற்றித் தைக்கலாம் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது.

அந்த நோயாளியின் பெயர் நமக்குத் தெரியாது. அவர் சபைக்குப் போனவரா, தெரியாது. ஜெஸ்ஸி, பால், மேரி என்று நீங்கள் போடும் வரிசையில் தொட்டவர்கள் எல்லாம் டாக்டரும் மிஷனரியும். நோயாளிகள் தொடப்படுகிறவர்கள் மட்டும். அந்த மனுஷரின் பிடி இல்லாவிட்டால் பாலுக்கு எது தெரிந்திருக்கும்? விரல் உதிர்வதற்குக் காரணம் வலி தெரியாமை என்பதையும் அவர் நோயாளிகளின் தினசரிப் பாட்டைப் பார்த்துத்தான் பிடித்தார். ராத்திரி எலி விரலைக் கடித்தாலும் தெரியாது. அதனால் பூனை வளர்க்கச் சொன்னார்கள். ஊழியம் என்று சொல்லிப் பூனை கொடுத்த வேறு யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

மலைப்பாதை:
எல்லோரும் இனிப்பான பக்கத்தையே பேசுகிறீர்கள். பாலுக்கு ஒன்பது வயது, 1923. படிப்புக்காக அவரையும் தங்கையையும் இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் மலைக்குத் திரும்பினார்கள். அதற்குப் பிறகு அவர் அப்பாவைப் பார்க்கவே இல்லை. 1929-ல் தந்தி வந்தது. கடிதங்களோ கப்பலில் வருகிறவை. ஆகவே சாவுச் செய்தி வந்த பிறகும் அப்பா எழுதிய கடிதங்கள் வாரக்கணக்கில் வந்துகொண்டிருந்தன. இதுவும் ஒரு வாழ்க்கை இன்னொன்றைத் தொட்டதுதானே? ஊழியத்தின் பெயரால் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்த காயத்தைச் சாட்சியில் யாரும் சொல்வதில்லை.

ஞாயிறுபள்ளி வாத்தியார்:
அந்தக் காலத்தில் இங்கே வேலை பார்த்த வெள்ளைக்காரர் பலரும் பிள்ளைகளை அப்படித்தான் அனுப்பினார்கள் அக்கா, ஜெஸ்ஸி மட்டுமா? அதோடு அம்மா ஈவ்லினையும் பாருங்கள். கணவர் போனபின்பும் ஊழியத்தை விடவில்லை. மிஷன் ஓய்வு கொடுத்த பிறகு, எழுபதை நெருங்கிய வயதில், சொந்தப் பொறுப்பில் மலையேறினார். 1974-ல், 95 வயதில் இறக்கும்வரை ஊழியத்தில் இருந்தார்.

கேள்விக்குறி:
ஈவ்லின் என் பக்கத்துச் சாட்சி, உங்கள் பக்கம் இல்லை! மகன் வேலூரில் டாக்டர், அவரோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். என் வாழ்க்கை நாளைக்கு யாரைத் தொடும் என்று கணக்குப் போட்டா அந்தப் பாட்டி மட்டக்குதிரையில் ஏறினார்? மேலே காய்ச்சலோடு ஆள் கிடக்கிறது, ஏறினார். நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான் என்று எழுதிய பவுல் விளைச்சலை அளந்து பார்க்கவில்லை, அதைத் தேவனிடம் விட்டுவிட்டார். வாலிபர்களிடம் அதைச் சொல்லுங்கள். நீ லட்சம் பேரைத் தொடுவாய் என்று சொல்லி அனுப்பினால், நாற்பது வயதில் யாரையும் தொடவில்லையே என்று உடைந்துபோவார்கள்.

காட்பாடி ரயில்:
இதில் நான் கேள்விக்குறி பக்கம் முழுக்க இல்லை. தான் செய்தது உதவியதா இல்லையா என்று பார்க்காத டாக்டர் ஆபத்தான டாக்டர். பால் அறுவை செய்த கைகளை அளந்து குறித்துவைத்தார். பெருமைக்காக அளப்பது வேறு, அவ்வளவுதான்.

ஞாயிறுபள்ளி வாத்தியார்:
வருகிற ஞாயிறு ஆராதனையில் இதே செய்தியைக் கொடுக்க ஆயர் கேட்டிருக்கிறார். செங்கல்பட்டு நோயாளியைச் சேர்த்துக்கொள்கிறேன். மேரி வர்கீஸையும் விடமாட்டேன், கேள்விக்குறி என்ன சொன்னாலும். கடிதங்களைப் பற்றிச் சொல்வதாக இல்லை. பிள்ளையை ஊட்டி விடுதியில் சேர்த்திருக்கும் பெற்றோர் சபையில் இருக்கிறார்கள்.

மலைப்பாதை:
அவர்கள் இருப்பதால்தான் சொல்லணும் என்கிறேன், தம்பி.