தெர்மாகோலில் ஏழடி யாளி: பசையும் காயவில்லை, முகமும் உருகிவிட்டது

சேலத்து_அண்ணன்

தங்கச்சிக்கு அடுத்த மாதம் வரவேற்பு. மேடை கோயில் மண்டபம் மாதிரி இருக்க வேண்டுமாம். டெக்கரேஷன்காரர் சொன்ன ரேட்டைக் கேட்டதும், நானே செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். தாரமங்கலம் கோயிலில் வாய்க்குள் கல் உருண்டை உருளுமே, அந்த யாளிதான் எனக்கு மாதிரி. மேடையின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, ஏழடி உயரம்.

ஒத்திகைக்கு இரண்டடியில் தலை மட்டும் செய்து பார்த்தேன், அதிலேயே மூன்று இடத்தில் அடி. கத்தியால் அறுத்தால் மணி மணியாக உதிர்ந்து தலைமுடி, சட்டை, சாப்பாட்டுத் தட்டு வரை ஒட்டிக்கொள்கிறது. இரண்டு துண்டை வெள்ளைப் பசை போட்டு ஒட்டி, மூன்றாம் நாள் பிரித்துப் பார்த்தால் நடுவில் அப்படியே ஈரம். கடைசியாகத் தங்கக் கலர் ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். கண் முன்னாலேயே மூக்கு சுர்ரென்று உள்ளே போய், யாளி பெருச்சாளி ஆகிவிட்டது. தொழில் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், எங்கே தப்பு செய்கிறேன்?

மேடைக்காரன்_மதுரை

தம்பி, எல்லாருக்கும் முதல் தடவை இப்படித்தான். ஸ்ப்ரே பெயிண்டில் இருக்கிற கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். தின்னர், பெட்ரோல், மஞ்சளாக இருக்குமே ரப்பர் பசை, எதுவும் கிட்டே வரக்கூடாது. தெர்மாகோலில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்றுதான், கரைய ஆரம்பித்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. வெள்ளைப் பசை காயாததற்குக் காரணம் வேறு: அது தண்ணீர் ஆவியானால்தான் பிடிக்கும், ஓரம் முதலில் காய்ந்து மூடிக்கொண்டால் உள்ளே இருக்கிற தண்ணீர் எங்கே போகும்? மெல்லிசாகத் தடவி, கொஞ்சம் காற்றாட விட்டு, அப்புறம் ஒட்டி மூங்கில் குச்சியைக் குறுக்காக இரண்டு மூன்று இடத்தில் சொருகிவிடுங்கள்.

அறுக்கக் கத்தி வேண்டாம், கரண்ட் கொடுத்தால் சூடாகிற நிக்ரோம் கம்பி வாங்கி 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரில் கொடுங்கள். வீட்டு கரண்ட்டில் நேராகக் கொடுத்துவிடாதீர்கள், உயிர் போகும். கம்பி சிவந்தால் சூடு அதிகம், அறுக்கிற வழி அகலமாகி ஓரம் குழிந்துவிடும். சிவக்காமலேயே வெண்ணெயில் போகிற மாதிரி போக வேண்டும், அதுதான் பதம். புகையை மூச்சில் இழுக்காதீர்கள், மொட்டை மாடியில் வைத்துச் செய்யுங்கள்.

பெயிண்டுக்கு முன்னால் தோல் போட வேண்டும். பழைய காட்டன் வேட்டியைக் கிழித்து வெள்ளைப் பசையில் நனைத்து உடம்பு முழுக்க ஒட்டி, காய்ந்ததும் சுவருக்கு அடிக்கிற எமல்ஷன் இரண்டு கோட். விரல் பட்டாலும் பள்ளம் விழாது.

சட்டம்_படிச்சவன்

நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்துவது 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுக்கத் தடை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பட்டியலில் காது குடையும் பட்ஸ் குச்சி, பலூன் குச்சியோடு சேர்ந்து இதுவும் இருக்கிறது. விற்பது, இருப்பு வைப்பது, பயன்படுத்துவது எல்லாமே அதில் அடக்கம். ஊரில் எத்தனையோ பேர் செய்கிறார்களே என்பீர்கள். செய்கிறார்கள்தான், அதனால் சரியாகிவிடாது. அதோடு தெர்மாகோல் தீப்பிடித்தால் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும். மேடையில் குத்துவிளக்கு, கூடவே வீடியோக்காரர் லைட் வேறு.

சேலத்து_அண்ணன்

ஐயோ, இது தெரியவே தெரியாது. நல்லவேளை, தலைக்கு மட்டும்தான் வாங்கினேன். அப்போ ஏழடிக்கு வேறு எதில் செய்வது?

கத்தரிக்கோல்_டீச்சர்

மெத்தைக் கடை ஃபோமில் செய்யுங்கள். பள்ளி ஆண்டு விழாவுக்கு நான் அதில்தான் யானை, ஆக்டோபஸ் எல்லாம் செய்கிறேன். 32 டென்சிட்டி என்று கேட்டு வாங்குங்கள், ரொம்ப இளசாக இருந்தால் நிற்காது. விலை கூடத்தான், ஆனால் பெட்டியில் போட்டு வைத்து மூன்று வருடமாக அதே ஆக்டோபஸை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதில் சூட்டுக் கம்பி கூடவே கூடாது, அந்தப் புகை விஷம். பெரிய வெட்டுக்கு ரொட்டி அறுக்கிற பல் கத்தி, மற்றதெல்லாம் கூரான கத்தரிக்கோல்தான். சிற்பி மாதிரி செதுக்கப் பார்க்காதீர்கள், நாவிதர் முடி வெட்டுகிற மாதிரி நுனி நுனியாகக் கிள்ளிக்கொண்டே வாருங்கள். கண்ணுக்குக் குழி தோண்டத் தேவையில்லை. பாதி உருண்டையை வெட்டி மேலே ஒட்டி, சுற்றி இமைக்கு ஒரு பட்டையை மடித்து வைத்தால் யாளியின் முழி தானாக வந்துவிடும். தெர்மாகோலுக்கு ஆகாத அந்த ரப்பர் பசை இதற்குத்தான் சரி: இரண்டு பக்கமும் தடவி, கையில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் அழுத்துங்கள், அப்புறம் பிரிக்கவே முடியாது. பெயிண்ட் அடிக்கும் முன் வெள்ளைப் பசையில் தண்ணீர் கலந்து இரண்டு தடவை பூசுங்கள், இல்லாவிட்டால் லிட்டர் லிட்டராகக் குடிக்கும். இதுவும் தீப்பிடிக்கும் சாமான்தான், விளக்கைத் தள்ளியே வையுங்கள்.

வெளிவீதி

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கே இதை ரெஜிபோம் என்றுதான் சொல்வோம், மணவறைச் சோடனைக்குக் கனகாலம் அதில் வேலை செய்தனான். எந்தச் சாமானில் செய்தாலும் ஒன்று சொல்கிறேன்: முழுசாகச் செய்து முடித்துவிட்டு எப்படிக் கொண்டுபோவது என்று யோசிக்க வேண்டாம். மாலை, ஒட்டியாணம், பிடரிமயிர் வருகிற இடங்களிலேயே துண்டாகப் பிரியும்படி செய்தால் பொருத்து ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு துண்டுக்கும் பின்பக்கம் இலக்கம் போடுங்கோ. நான் போடாமல் ஒருமுறை இடமும் வலமும் மாறி, இரண்டு சிங்கமும் சபையைப் பார்க்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

மேடைக்காரன்_மதுரை

டீச்சர் சொல்வது சரி. ஆனால் மெத்தை ஃபோம் தன் கனத்துக்கே தொங்கும், யாளி பின்னங்காலில் எழும்பி நிற்கிற உருவம் வேறு. நடுவில் சவுக்குக் கட்டை நட்டு, அடியில் மூன்றுக்கு மூன்று பிளைவுட் பலகை, அதன் மேல் மணல் மூட்டை. வாய் உருண்டையைத் தனியாகச் செய்து பல் இடுக்கு வழியாக உள்ளே அமுக்குங்கள், ஃபோம் என்பதால் சுருங்கிப் போய் உள்ளே விரிந்துகொள்ளும். கல்லில் செய்தவனுக்கு இந்த வசதி இல்லை.

மண்டப வாசலை அளந்தீர்களா?

சேலத்து_அண்ணன்

இல்லை அண்ணே. மண்டபம் மாடியில், படிக்கட்டு நடுவில் ஒரு திருப்பம் வேறு. டேப் எடுத்துக்கொண்டு இப்போதே கிளம்புகிறேன்.