மிச்சக் காட்டன் நூல்ல பின்னினதுல உறுத்திக்கிட்டே இருக்கிற ஒண்ணு: எழுதுங்க

நூலாம்படை:
மூலையில 4 கண்ணி (ஊசியில நிக்கிற நூல் வளையம்) போட்டு குறுக்கால பின்னுற துடைதுணி. வரிக்கு வரி 2 நிட் (சாதாரண நேர்ப் பின்னல்), ஒரு யார்ன் ஓவர் (ஊசி மேல நூலைச் சுத்தி ஒரு கண்ணி கூட்டுறது, அங்க ஓட்டை விழும்), மீதி நிட். எல்லாரும் பின்னினதுதான். குறிப்புல "44 கண்ணி வந்ததும் குறை"ன்னு இருக்கு, கையில இருந்த உருண்டை 32 கிராம். குறிப்பை நம்பிப் போனா, திரும்பி இறங்குறப்ப ஊசியில 30 கண்ணி நிக்குது, நூல் காலி! 44 கண்ணித் துணிக்கு நடுத்தரத் தடிமன் நூல் 40 கிராமுக்கு மேலயே வேணும். மிச்ச நூலுக்கு எண்ணிக்கை பார்க்காதீங்க, தராசைப் பாருங்க. 32 கிராம்னா 15 கிராம் தீர்ந்ததுமே குறைக்கத் தொடங்கணும். மிச்சம் 2 கிராம் முடிக்கவும் நுனி செருகவும்.

கண்ணிக்கணக்கு:
குறைக்கிற பாதியில 1 நிட், ரெண்டைச் சேர்த்து ஒண்ணு, யார்ன் ஓவர், மறுபடி ரெண்டைச் சேர்த்து ஒண்ணு, மீதி நிட். அந்த யார்ன் ஓவரை விட்டுட்டா வரிக்கு ஒண்ணு குறையவேண்டியது ரெண்டு குறையும். சதுரம் கோணி, ஒரு பக்கம் கட்டையா நிக்கும். அலசி இழுத்து விட்டாலும் நேராகாது.

முடிச்சு:
நாலு துண்டு நூல் சேர்த்த துணி. முதல் வெந்நீர்த் துவைப்புல நுனி எல்லாம் மீசை மாதிரி வெளிய வந்து நின்னுச்சு. கம்பளி நூல்னா நுனியை ஈரம் பண்ணி உள்ளங்கையில தேச்சாலே ஒட்டிக்கும், காட்டன்ல அந்த வேலை பலிக்காது. பளபளப்பான நூல்ல முடிச்சும் வழுக்கும். ரெண்டு பக்கமும் ஒரு விரல் நீளத்துக்கு நுனி விட்டு, ஊசியால ஒரு திசையில செருகி, திருப்பி எதிர்த் திசையில செருகணும். ஒரே திசையில செருகினா துணி இழுபடும்போது உருவிக்கும்.

ஊசிமுனை:
முடிச்சு, நீங்க நுனி செருகுறதைப் பத்தி சொன்னது சரி. ஆனா நடுவரியில இணைக்கிறதே எதுக்கு? வரி ஆரம்பத்துல மாத்துங்க, நுனி ஓரத்துலயே அடங்கிடும்.

என்னை உறுத்துறது சாயம். வெள்ளைக்குப் பக்கத்துல கருஞ்சிவப்புக் கோடு, அலசி எடுத்தப்ப வெள்ளை முழுக்க ரோஸ். யாராவது "வினிகர்ல ஊற வெச்சா நிக்கும்"னு வருவாங்க. கம்பளி, பட்டுக்குப் போடுற அமிலச் சாயத்துக்குத்தான் வினிகர், பருத்திச் சாயத்தை அது பிடிச்சு நிறுத்தாது. ஒரு முழம் நூலை வெந்நீர்ல நனைச்சு வெள்ளைத் துணியில சுருட்டி அழுத்துங்க. கறை பட்டா அந்த நூலைத் தனியா ஒரு துணிக்கு வெச்சுக்கோங்க.

நெளிவு:
யாரும் கேக்கலை, இருந்தாலும் கரித்துணி பின்னுறவங்களுக்கு. மிச்சக் கூடையில லேபிள் இல்லாத உருண்டை கிடந்தா முதல்ல ஒரு துண்டைக் கிண்ணத்துல வெச்சுக் கொளுத்திப் பாருங்க. பருத்தி காகிதம் மாதிரி எரிஞ்சு சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கருப்பு மணியா இறுகும். சூடான பாத்திரத்துல பட்டா அதேதான் நடக்கும், கைத்தோல்லயும் ஒட்டும்.

ஒரே அடுக்கு போதாது. துடைதுணிக் குறிப்பையே கரித்துணிக்கும் எடுக்காதீங்க, யார்ன் ஓவர் ஓட்டை வழியா விரல் சுடும். இரட்டை அடுக்குக்கு 64 கண்ணி போடுங்க, அடுக்குக்கு 32 ஆகும், 10 செ.மீ.க்கு 18 கண்ணி வர்ற நூல்ல சுமார் 18 செ.மீ. அகலம் கிடைக்கும். 1 நிட், நூல் முன்னால, 1 கண்ணியைப் பர்ல் (நிட்டுக்கு எதிர்ப் பின்னல்) போடுற மாதிரி ஊசி விட்டு, பின்னாம அடுத்த ஊசிக்கு நகர்த்து, நூல் பின்னால. எல்லா வரியும் இதேதான். ரெண்டு வரி பின்னினாத்தான் ஒரு வரி உயரும், பொறுமை வேணும். ஊசி அரை மி.மீ. சின்னதா இருக்கட்டும். ஒரே ஒரு தடவை நூலை முன்னால கொண்டுவர மறந்தாலும் அந்த இடத்துல ரெண்டு அடுக்கும் தைச்சமாதிரி ஒட்டிக்கும். அதனால பத்து வரிக்கு ஒருமுறை ஊசிக்குக் கீழ ரெண்டு பக்கத்தையும் விரலால பிரிச்சுப் பாருங்க. கடைசில ரெண்டு ரெண்டாச் சேர்த்துப் பின்னி மூடுங்க.

மெல்லிசு நூல்தான் இருக்குன்னா ரெண்டு இழை சேர்த்துப் பின்னலாம். ஈரக் கரித்துணியால மட்டும் பாத்திரத்தைத் தொடாதீங்க, ஈரம் சூட்டை நேரா கைக்குக் கடத்திடும்.

கண்ணிக்கணக்கு:
நெளிவு, நீங்க சொன்ன 64 கண்ணியைப் போடும்போதே இறுக்கிட்டா அடி ஓரம் சுருங்கி மேல விரியும். கண்ணி போட மட்டும் ஒரு அளவு பெரிய ஊசி எடுக்கணும். காட்டன் இழுவை கொடுக்காது, இறுகினது இறுகினதுதான்.