ஜிம்மி ராட்ஜர்ஸின் விக்டர் இசைத்தட்டில் குரல் மங்கிக் கேட்கிறது: தட்டின் தேய்மானமா, ஊசியின் குறையா?

சோலைக்குயில் (நாக்ஸ்வில், டென்னசி):

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கன்ட்ரி இசையின் முன்னோடியான ஜிம்மி ராட்ஜர்ஸின், நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் இசைத்தட்டுகளைச் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். 1927 ஆகஸ்ட் 4 அன்று, நான் வசிக்கும் இதே மாநிலத்தின் பிரிஸ்டல் நகரில், விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஒலிப்பதிவாளர் ரால்ஃப் பியர் அமைத்திருந்த தற்காலிகக் கூடத்தில்தான் அவருடைய குரல் முதன்முதலாகப் பதிவானது என்பதால் இந்தத் தேடலில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு.

அண்மையில் ஒரு பழம்பொருள் கடையில் விக்டர் 21142 எண் தட்டு கிடைத்தது. ஒரு பக்கம் 'ப்ளூ யோடல்', மறுபக்கம் 'அவே அவுட் ஆன் த மவுன்டன்'. அதே 'ப்ளூ யோடல்' ப்ளூபேர்ட் என்ற லேபிளிலும் (வணிகப்பெயரிலும்) ஒரு பிரதி வந்து சேர்ந்தது. பிற்கால எல்.பி. வினைல் தட்டுகளுக்கு நான் பயன்படுத்தும் ப்ளேயரிலேயே, வேகத்தை 78-க்கு மாற்றி, இரண்டையும் இசைத்தேன். இரண்டிலும் இரைச்சல் மிகுதி. குரல் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கியிருக்கிறது. யோடலில், அதாவது இயல்பான குரலுக்கும் உச்சக் குரலுக்கும் இடையே சட்டெனத் தாவிப் பாடும் பகுதியில், குரல் மேலே தாவும் இடங்களில் கரகரவென்று உடைகிறது. தட்டுகள் தேய்ந்துவிட்டனவா? ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கொண்டு துடைத்தால் தெளியுமா? விக்டர் பிரதி 1928-இல் வெளிவந்த முதல் அச்சுதானா என்பதை எப்படி உறுதி செய்வது?

அரக்குத்தட்டு:

முதலில் ஒன்றை வலியுறுத்திச் சொல்கிறேன்: ஆல்கஹாலைத் தட்டின் அருகிலேயே கொண்டு செல்லாதீர்கள். இவை வினைல் அல்ல; அரக்கும் கற்பொடியும் கலந்து அச்சிடப்பட்டவை. அரக்கு ஆல்கஹாலில் கரையும் என்பதால் ஒரே துடைப்பில் வரித்தடம் அழிந்துவிடக்கூடும். காய்ச்சி வடித்த நீரில் மென்மையான பாத்திரச் சோப்பு ஓரிரு துளி சேர்த்து, மெல்லிய தூரிகையால் தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, லேபிள் நனையாமல் அலசி, நிமிர்த்தி வைத்து உலர்த்துங்கள்.

அடுத்தது ஊசி. உங்கள் சிக்கலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். எல்.பி. ஊசியின் முனை ஏறத்தாழ 0.7 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 78 சுற்றுத் தட்டுக்குத் தேவைப்படுவதோ ஏறத்தாழ 3 மில். சிறிய முனை அகன்ற தடத்தின் அடியில் இறங்கி, அங்கே தேங்கிய தூசியையும் துகள்களையும் படிக்கிறதே தவிர, சுவர்களில் பொறிக்கப்பட்டிருக்கும் குரலைச் சரியாகத் தொடுவதில்லை. உங்கள் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கி அதன் அசைவை மின் குறிப்பாக மாற்றும் பகுதிக்கு) பொருந்தும் 78 சுற்று ஊசியை வாங்கி, ஊசி தட்டை அழுத்தும் எடையை அதன் தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் அளவில் வையுங்கள். ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜாக இருந்தால் இரண்டு சேனல்களையும் மோனோவாக இணையுங்கள். மேலும் கீழுமான அசைவால் எழும் இரைச்சல் அதிலேயே பெருமளவு அடங்கிவிடும்.

குரல் மங்குவதற்கு ஆம்ப்ளிஃபயரும் ஒரு காரணம். 1950-களில் பொதுவழக்கான ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒலிச் சமன்படுத்தல் முறையின்படி அது உச்ச ஒலிகளைக் குறைத்துத் தருகிறது. 1927-இல் விக்டர் செய்த மின் ஒலிப்பதிவில் அப்படிக் குறைப்பதற்கான கூடுதல் உச்ச ஒலி ஏற்றப்படவே இல்லை. ட்ரெபிள் குமிழைச் சற்றுக் கூட்டிப் பாருங்கள். இந்தச் சமன்படுத்தலை மாற்றும் வசதியுள்ள ப்ரீஆம்ப் (ஆம்ப்ளிஃபயருக்கு முன் இணைக்கும் கருவி) இருந்தால் இன்னும் நல்லது.

கிராமபோன் நேசன்:

அச்சு பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். 'ப்ளூ யோடல்' 1927 நவம்பர் 30 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் பதிவானது. மிகப் பெரிய அளவில் விற்ற தட்டு என்பதால் அதே எண்ணில் பல ஆண்டுகள் அச்சிடப்பட்டது; எண் ஒன்றை மட்டும் வைத்து முதல் அச்சு என்று கூறிவிட முடியாது. லேபிளின் விளிம்பில் இருக்கும் பொடி எழுத்துகளை வெளிச்சத்தில் சாய்த்துப் படியுங்கள். 'விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனி' என்றிருந்தால் பழைய அச்சு, ஆர்.சி.ஏ. என்ற வானொலி நிறுவனத்தின் பெயர் சேர்ந்திருந்தால், அந்நிறுவனம் 1929-இல் விக்டரை வாங்கிய பிறகு வந்த அச்சு. லேபிளை ஒட்டிய வெற்றுப் பகுதியில் நீள்வட்டத்துக்குள் 'வி.இ.' என்ற குறி இருக்கும். அது மின் ஒலிப்பதிவைக் குறிக்கிறது.

ப்ளூபேர்ட் பிரதியைத் தாழ்வாக எண்ணாதீர்கள். பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 75 சென்ட் கொடுத்து விக்டர் தட்டை வாங்க முடியாதவர்களுக்காக ஆர்.சி.ஏ. விக்டரே 35 சென்ட் விலையில் வெளியிட்ட மறுபதிப்பு அது. நான் கேட்டவரையில், நன்றாகப் பேணப்பட்ட ப்ளூபேர்ட், பலமுறை இசைக்கப்பட்ட விக்டரைவிடத் தெளிவாகவே பாடும்.

சேகரிப்பாளர் திணறுவது 21142-ஐத் தேடி அல்ல. 1930-க்குப் பிறகு மந்தத்தால் விற்பனை சரிந்த காலத்தில் வெளிவந்த தட்டுகள்தாம் அரியவை. லூயி ஆர்ம்ஸ்ட்ராங் ட்ரம்பெட்டும், லில் ஹார்டின் ஆர்ம்ஸ்ட்ராங் பியானோவும் வாசித்த 'ப்ளூ யோடல் எண் 9' (விக்டர் 23580) அந்த வரிசையைச் சேர்ந்தது. காசநோயுடன் போராடிக்கொண்டே கடைசிவரை பாடி, 1933 மே 26 அன்று தமது 35-ஆம் வயதில் மறைந்த ஒரு மனிதரின் பிற்காலக் குரல் அந்தத் தட்டுகளில்தான் இருக்கிறது, கிடைத்தால் கைவிட்டுவிடாதீர்கள்.

இந்தியாவில் தேடுவோருக்கும் ஒரு செய்தி: ராட்ஜர்ஸின் பாடல்கள் ட்வின் என்ற லேபிளில், எஃப்.டி. எனத் தொடங்கும் எண்களுடன் இங்கேயும் வெளிவந்தன.

சோலைக்குயில்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. 3 மில் ஊசியைப் பொருத்தி, மோனோவாக இணைத்துக் கேட்டேன். இதுவரை கேட்காத கிதாரின் தாழ்சுரங்கள் இப்போது ஒவ்வொன்றாகப் பிரிந்து ஒலிக்கின்றன. ப்ளூபேர்ட் முழுவதும் தெளிவாகிவிட்டது. விக்டர் லேபிளில் ஆர்.சி.ஏ. என்ற பெயர் இல்லை. ஆனால் அந்தத் தட்டில் மட்டும் யோடல் வரும் இடங்களில் கரகரப்பு நீங்கவில்லை. அங்கே தடம் சாம்பல் பூத்ததுபோலவும் தெரிகிறது.

அரக்குத்தட்டு:

அது உண்மையான தேய்மானம். நூறு கிராமுக்கும் மேலான பாரத்தை எஃகு ஊசியின் மேல் இறக்கிய சாவி கிராமபோன்களில், ஒலி உரத்து எழும் இடத்தில்தான் சுவர் முதலில் சிதையும். இவருடைய பாடல்களில் அந்த இடம் யோடல். பழைய ஊசி சுவரின் ஒரு குறிப்பிட்ட உயரத்தை மட்டுமே அரித்திருக்கக்கூடும் என்பதால், 2.8 மில்லும் 3.5 மில்லும் ஆகிய ஊசிகளைக் கடன் வாங்கியாவது முயன்று பாருங்கள். சிதையாத பகுதியை அவற்றில் ஒன்று தொட்டால் கரகரப்பு கணிசமாகக் குறையும். குறையாவிட்டால் விக்டரை லேபிளுக்காக வைத்துக்கொண்டு ப்ளூபேர்டைக் கேளுங்கள். இனி வாங்கும்போது, கடைக்காரர் அனுமதித்தால், தொடக்கத்தைக் கேட்டு முடிவு செய்யாமல் யோடல் வரும் இடத்தில் ஊசியை இறக்கிக் கேட்ட பிறகே விலை பேசுங்கள்.